முதுகைக் கல்லாக்கிய கிணற்றுத் தண்ணீர்: ரகசியத்தைக் கண்டுபிடித்த டாக்டர் ஷார்ட்

முப்பது வயது உழவர். நல்ல உடற்கட்டு. விடிந்தால் ஏர் பூட்டுவார். பொழுது சாய்ந்தால் வீடு திரும்புவார்.

திடீரென்று ஒரு நாள் அவருடைய கை கால்களில் எறும்பு ஊர்வது போல இருக்கும். பிறகு இடுப்பில் வலி வரும். வேலை அதிகம், அதனால் வலிக்கிறது என்று அவர் நினைப்பார். எண்ணெய் தேய்த்துக் குளிப்பார். ஒத்தடம் கொடுப்பார். வலி போகாது.

நாளாக ஆக முதுகு விறைக்கும். குனிய முடியாது. கழுத்தைத் திருப்ப முடியாது. பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க வேண்டுமானால், உடம்பு முழுவதையும் திருப்ப வேண்டும்.

கடைசியில் முதுகெலும்பு முழுவதும் ஒரே தூண் போல ஆகிவிடும். விலா எலும்புகளும் இறுகிவிடும். மூச்சு விட்டால் மார்பு விரியாது. வயிறு மட்டும் ஏறி இறங்கும். பிறகு படுத்த படுக்கைதான். ஆனால் அறிவு மட்டும் கொஞ்சமும் மங்காது. நடப்பதை எல்லாம் பார்த்துக்கொண்டு, அசைய முடியாமல் கிடப்பார்.

இப்படி ஒருவர் அல்ல, இருவர் அல்ல. ஊருக்கு ஊர் பலர் இருந்தார்கள்.

இது நடந்தது பழைய சென்னை ராஜதானியில், நெல்லூர் ஜில்லாவில். பொதிலி, தர்சி, கனிகிரி பக்கத்து வறண்ட கிராமங்களில். இது என்ன நோய் என்று யாருக்கும் தெரியவில்லை. தலைவிதி என்றார்கள் சிலர். முன்வினை என்றார்கள் சிலர்.

அது விதி அல்ல, வினை அல்ல, குடிக்கும் தண்ணீர்தான் காரணம் என்று 1937-ம் ஆண்டில் உலகத்துக்கு எடுத்துச் சொன்ன குழுவின் தலைவர், ஒரு வெள்ளைக்கார டாக்டர். அவர் பெயர் ஹென்றி எட்வர்டு ஷார்ட்.

பெரியாறு அணை தொடங்கிய ஆண்டு

ஷார்ட் 1887-ம் ஆண்டு பிறந்தார்.

கம்பம் பள்ளத்தாக்கு மக்கள் மறக்க முடியாத ஆண்டு அது. பென்னிகுயிக் துரை பெரியாறு அணை வேலையைத் தொடங்கியது அந்த ஆண்டில்தான்.

அணை கட்டப்போன கூலியாட்கள் பலர் காட்டிலே காய்ச்சலில் மாண்டார்கள். அது மலேரியாக் காய்ச்சல். அது எப்படிப் பரவுகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. கெட்ட காற்றினால் வருகிறது என்று படித்தவர்களே நம்பினார்கள்.

அந்த மலேரியாவின் ஒரு பெரிய ரகசியத்தையும் பிற்காலத்தில் இதே ஷார்ட்தான் கண்டுபிடிக்கப் போகிறார்.

ஸ்காட்லாந்து நாட்டில் அபர்தீன் என்று ஒரு நகரம் இருக்கிறது. அங்குள்ள சர்வகலாசாலையில் ஷார்ட் மருத்துவம் படித்தார். 1910-ம் ஆண்டு பட்டம் பெற்றார். உடனே இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். அது ராணுவத்தோடு சேர்ந்த பணி. முதல் உலகப் போரின்போது அவர் ராணுவ டாக்டராக வேலை செய்தார்.

ஆனால் அவருடைய மனம் எல்லாம் ஆராய்ச்சியிலே இருந்தது. நோய் வந்தவருக்கு மருந்து கொடுப்பது ஒரு வேலை. நோய் எங்கிருந்து வருகிறது என்று தேடுவது இன்னொரு வேலை. ஷார்ட் இரண்டாவது வேலையைத் தேர்ந்தெடுத்தார்.

அஸ்ஸாமில் கருங்காய்ச்சல்

அந்தக் காலத்தில் அஸ்ஸாம், வங்காளம், பீகார் ஆகிய இடங்களில் ஒரு கொடிய காய்ச்சல் பரவியிருந்தது. அதன் பெயர் காலா அஜார். கருங்காய்ச்சல் என்று பொருள். காய்ச்சல் விடாது. மண்ணீரல் வீங்கி வயிறு பருக்கும். உடம்பு கறுத்து, மெலிந்து, ஆள் இறந்து போவார்.

இந்த நோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டவர்கள் இருவர். ஒருவர் லீஷ்மன். மற்றொருவர் டொனோவன். டொனோவன் சென்னையில் டாக்டராக இருந்தவர். சென்னை பெரிய ஆஸ்பத்திரி நோயாளிகளிடம் 1903-ம் ஆண்டு அவர் அந்தக் கிருமியைப் பார்த்தார்.

கிருமி தெரிந்தது. ஆனால் அது ஒருவரிடம் இருந்து இன்னொருவருக்கு எப்படிப் போகிறது? அது தெரியவில்லை.

இதைக் கண்டுபிடிக்க சர்க்கார் ஒரு குழுவை அஸ்ஸாமுக்கு அனுப்பியது. முதலில் கிறிஸ்டோபர்ஸ் என்பவர் அதற்குத் தலைவராக இருந்தார். அவருக்குப் பிறகு ஷார்ட் தலைவரானார்.

மணல் ஈ என்று ஒரு பூச்சி உண்டு. கொசுவைவிடச் சிறியது. அதன் மேலேதான் சந்தேகம். ஆனால் சந்தேகம் வேறு, நிரூபணம் வேறு. ஆண்டுக்கணக்கில் ஈக்களைப் பிடித்து வளர்த்து, கடிக்க விட்டுப் பார்த்தார்கள். நோய் பரவவில்லை.

கடைசியில் வழி காட்டியது எது தெரியுமா? உலர்ந்த திராட்சை! நோயாளியின் ரத்தத்தைக் குடித்த ஈக்கு, மறுபடி ரத்தம் கொடுக்காமல் திராட்சையைக் கொடுத்தால், அதன் உடம்பில் கிருமி நன்றாகப் பெருகியது. கல்கத்தாவைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் இதைக் கண்டார்கள். அந்த முறையைக் கையாண்டு சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகிய மூவரும் 1942-ம் ஆண்டு வெற்றி பெற்றார்கள். கருங்காய்ச்சலைப் பரப்புவது மணல் ஈதான் என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்தார்கள்.

அதற்கு இடையிலே, 1930-களின் நடுவில், ஷார்ட் சென்னைக்கு வந்தார்.

கிண்டியில் ஷார்ட்

சென்னை கிண்டியில் கிங் நிலையம் இருக்கிறது. அம்மை குத்துவதற்கு மருந்து தயாரிக்க ஏற்பட்ட நிலையம் அது. கர்னல் கிங் என்ற சுகாதார அதிகாரியின் பெயரால் அது வழங்குகிறது. சென்னை ராஜதானி முழுவதற்கும் நோய்ப் பரிசோதனை செய்யும் இடமாகவும், தண்ணீரைச் சோதித்துச் சொல்லும் இடமாகவும் அது வளர்ந்தது.

ஷார்ட் அதன் தலைவரானார்.

நெல்லூர் கிராமங்களில் உள்ள நோய் அவர் கவனத்துக்கு வந்தது.

அதுவரை ஷார்ட் தேடியது எல்லாம் உயிருள்ள கிருமிகளை. ஈயின் வயிற்றிலும் ரத்தத் துளியிலும் பூதக்கண்ணாடி வைத்துத் தேடிப் பழகியவர் அவர். ஆனால் நெல்லூர் நோயிலே காய்ச்சல் இல்லை. கிருமி இல்லை. ஒருவரைத் தொட்டு ஒருவருக்கு வரவில்லை. ஆனாலும் ஒரே ஊரில் பலருக்கு வந்தது.

மனிதருக்கு மட்டுமா? உழவு மாடுகளும் கால் விறைத்து நொண்டின. நுகத்தடியில் பூட்டினால் இழுக்க முடியாமல் நின்றன.

மனிதனும் மாடும் ஒரே நோயில் விழுகிறார்கள் என்றால், இருவருக்கும் பொதுவானது எது? குடிக்கிற தண்ணீர்!

பல் சொன்ன துப்பு

இன்னொரு துப்பும் இருந்தது. அந்த ஊர்ப் பிள்ளைகளின் பற்கள்.

பால் போல இருக்க வேண்டிய பற்கள் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்துத் திட்டுத் திட்டாக இருந்தன. சில பிள்ளைகளுக்கு மஞ்சள் கறை. சிலருக்குக் காவிக் கறை. எத்தனை தேய்த்தாலும் போகாது. ஏனென்றால் அந்தக் கறை பல்லின் மேலே ஒட்டிய அழுக்கு அல்ல. பல் உண்டாகும்போதே உள்ளே ஏற்பட்ட கோளாறு.

இதே போன்ற பற்களை அமெரிக்காவில் ஒரு பல் டாக்டர் பார்த்திருந்தார். அவர் பெயர் பிரெடெரிக் மக்கே. அவர் 1901-ம் ஆண்டு கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற மலையடிவார ஊருக்குத் தொழில் செய்யப் போனார். அந்த ஊரிலே பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பல்லில் காவிக் கறை இருந்தது. வெளியூரில் இருந்து பெரியவர்களாகி வந்தவர்களுக்கு இல்லை. மக்கே முப்பது ஆண்டு காலம் அதன் காரணத்தைத் தேடினார்.

இடஹோ மாநிலத்தில் ஓக்லி என்ற ஊரிலும் இதே கறை. அந்த ஊரார் 1925-ம் ஆண்டு வாக்கில் பழைய ஊற்றுத் தண்ணீரை விட்டுவிட்டு, வேறு ஊற்றில் இருந்து குழாய் போட்டார்கள். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பல் வெள்ளையாக முளைத்தது.

தண்ணீரிலேதான் குற்றம் என்று தெரிந்துவிட்டது. ஆனால் தண்ணீரில் என்ன இருக்கிறது?

1931-ம் ஆண்டு விடை கிடைத்தது. அலுமினியக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த சர்ச்சில் என்ற ரசாயன நிபுணர், அந்தத் தண்ணீரை நுட்பமான கருவியால் சோதித்தார். அதில் புளோரைடு என்ற உப்பு இருந்தது.

அடுத்த ஆண்டு, 1932-ல், டென்மார்க் நாட்டில் இருந்து ஒரு செய்தி வந்தது. கிரையோலைட் என்ற கல்லை இடிக்கும் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களின் எலும்புகள் தடித்து இறுகிப் போயிருந்தன. கிரையோலைட் கல்லில் இருப்பதும் புளோரைடுதான்.

ஒரு பக்கம் கறை படிந்த பல். மறுபக்கம் இறுகிப்போன எலும்பு. இரண்டும் சேர்ந்து இருந்த இடம் நெல்லூர்.

எக்ஸ்ரே படம்

ஷார்ட் தனியாக இந்த வேலையைச் செய்யவில்லை. அவரோடு மூன்று பேர் சேர்ந்தார்கள்.

டாக்டர் மக்ராபர்ட், சென்னையில் பெயர் பெற்ற வைத்தியர். காப்டன் பார்னார்டு, எக்ஸ்ரே நிபுணர். சென்னை பெரிய ஆஸ்பத்திரியில் 1934-ம் ஆண்டு தொடங்கிய எக்ஸ்ரே நிலையம் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. நான்காமவர் டாக்டர் மன்னாடி நாயர்.

நோயாளிகளை எக்ஸ்ரே படம் பிடித்தார்கள். சாதாரணமாக எலும்பு படத்தில் வெண்மையாகத் தெரியும். நெல்லூர் நோயாளிகளின் எலும்புகள் அதைவிட அடர்ந்த வெண்மையாகத் தெரிந்தன. எலும்பின் ஓரங்களில் முள் முள்ளாக வளர்ச்சி இருந்தது. எலும்போடு எலும்பைக் கட்டும் நார்கள்கூடச் சுண்ணாம்பு ஏறி எலும்பாகவே மாறிக்கொண்டிருந்தன. முதுகு ஏன் வளையவில்லை என்பது படத்தைப் பார்த்தவுடனே விளங்கியது.

தண்ணீரைச் சோதித்தார்கள். புளோரைடு இருந்தது.

1937-ம் ஆண்டு நால்வரும் சேர்ந்து தங்கள் முடிவை இந்திய மருத்துவ ஆராய்ச்சி ஏட்டில் வெளியிட்டார்கள். குடிதண்ணீரில் இயற்கையாக உள்ள புளோரைடு, பல்லை மட்டும் அல்ல, மனிதனின் எலும்புக் கூட்டையே முடமாக்கும் என்பதை இந்தியாவில் எடுத்துக் காட்டிய முதல் ஆராய்ச்சி அது. உலக நாடுகளின் மருத்துவ நூல்களில் நெல்லூரின் பெயர் இடம் பெற்றது அதனால்தான்.

நல்ல சாப்பாடும் காவல்

ஷார்ட் தொடங்கிய வேலையைக் கிண்டி நிலையத்தில் மற்றவர்கள் தொடர்ந்தார்கள். டாக்டர் சி. ஜி. பண்டிட், ராகவாச்சாரி, சுப்பாராவ், கிருஷ்ணமூர்த்தி ஆகியோர் 1940-ம் ஆண்டு தங்கள் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். பண்டிட் பின்னாளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் தலைமைப் பதவிக்கு வந்தவர்.

அவர்கள் கண்டது முக்கியமான செய்தி. ஒரே தண்ணீரைக் குடித்தாலும் எல்லோரையும் நோய் ஒரே மாதிரி தாக்கவில்லை. நல்ல சாப்பாடு சாப்பிட்டவர்களைக் குறைவாகத் தாக்கியது. ஏழைகளை அதிகமாகத் தாக்கியது. காய்கறி, பழங்களில் உள்ள ‘சி’ வைட்டமின் குறைந்தவர்களுக்கு நோய் கடுமையாக இருந்தது.

வெயிலில் உழைப்பவர் செம்பு செம்பாகத் தண்ணீர் குடிப்பார். நிழலில் இருப்பவர் கொஞ்சம் குடிப்பார். ஆகவே உழைப்பவர் உடம்பில்தான் புளோரைடு அதிகம் சேரும். உழைப்பும் அதிகம், சாப்பாடும் குறைவு என்றால், நோய் இரண்டு பக்கமும் தாக்கும்.

இறுகிப்போன எலும்பைப் பழையபடி ஆக்க அன்றும் மருந்து இல்லை. இன்றும் இல்லை. வருமுன் காப்பதுதான் ஒரே வழி. இதுதான் ஷார்ட் கண்டுபிடிப்பின் மதிப்பு. காரணம் தெரியாமல் இருந்தால், பெற்றவர்களுக்கு வந்தது பிள்ளைகளுக்கும் வந்துகொண்டே இருந்திருக்கும்.

மலேரியா ஒளிந்த இடம்

ஷார்ட் சென்னையை விட்டுப் போனார். மறுபடி அஸ்ஸாமில் வேலை பார்த்தார். மணல் ஈயின் கதையை முடித்தது அப்போதுதான். பிறகு இங்கிலாந்து திரும்பினார். அப்போது அவருக்கு ஏறக்குறைய அறுபது வயது. மற்றவர்கள் ஓய்வு எடுத்துக்கொள்ளும் வயது. அவர் லண்டன் வெப்பநாட்டு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்.

மலேரியாவைப் பரப்புவது கொசு என்பதற்கு முதல் தடயத்தை ரொனால்டு ராஸ் 1897-ம் ஆண்டு செகந்திராபாத்தில் கண்டார். ஆனால் ஒரு புதிர் பாக்கி இருந்தது. கொசு கடித்தவுடன் கிருமி உடம்புக்குள் போகிறது. ஆனால் ஒரு வாரத்துக்கு மேல் ரத்தத்தில் கிருமியைக் காணோம்! பிறகு திடீரென்று தோன்றுகிறது. அதுவரை அது எங்கே ஒளிந்திருந்தது?

ஜெர்மனி நாட்டு விஞ்ஞானி ஷாடின், கிருமி நேராக ரத்த அணுவுக்குள் நுழைவதைப் பார்த்ததாக 1903-ம் ஆண்டு எழுதினார். அவர் பெரிய விஞ்ஞானி. ஆகவே பல ஆண்டுகள் எல்லோரும் அதை நம்பினார்கள்.

ஷார்ட்டும் அவருடைய தோழர் கார்னமும் நம்பவில்லை. நூற்றுக்கணக்கான மலேரியாக் கொசுக்களை ஒரு குரங்கைக் கடிக்க விட்டார்கள். ஏழாம் நாள் அதன் உடம்பைச் சோதித்தார்கள். கல்லீரலில் கிருமிகள் கூட்டம் கூட்டமாகப் பெருகிக்கொண்டிருந்தன! இது 1948-ம் ஆண்டு. அதே ஆண்டு மனிதக் கல்லீரலிலும் அதைக் கண்டார்கள்.

மலேரியாவில் ஒரு வகை, காய்ச்சல் விட்ட பிறகும் மறுபடி மறுபடி வரும். காரணம், கல்லீரலில் தங்கிவிட்ட கிருமி. அதனால்தான் அந்த வகைக்கு, காய்ச்சல் நின்ற பிறகும் 14 நாள் மாத்திரை கொடுக்கிறார்கள். காய்ச்சல் போய்விட்டது என்று பாதியில் மாத்திரையை நிறுத்தக் கூடாது.

1950-ம் ஆண்டு ஷார்ட்டுக்கு லண்டன் ராயல் சங்கத்தின் அங்கத்தினர் பதவி கிடைத்தது. விஞ்ஞானிகளுக்கு அது பெரிய கௌரவம்.

1987-ம் ஆண்டு அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 100.

தண்ணீருக்குள் எப்படி வந்தது?

ஷார்ட் மறைந்துவிட்டார். அவர் கண்ட நோய் மறையவில்லை.

புளோரைடு யாரும் கலந்த விஷம் அல்ல. பூமிக்கு அடியில் உள்ள பாறைகளிலேயே அது இருக்கிறது. மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிப் பாறை இடுக்குகளில் தங்கும். தங்கத் தங்கப் பாறையில் உள்ள புளோரைடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து தண்ணீரில் சேரும். மழை குறைந்த வறட்டுப் பூமியில் இது அதிகம்.

கண்ணுக்குத் தெரியாது. நாக்குக்குத் தெரியாது. மூக்குக்குத் தெரியாது. பளிங்கு போன்ற தண்ணீரிலும் அது இருக்கலாம்.

புளோரைடு முழுக்கக் கெட்டதும் அல்ல. மிகக் கொஞ்சம் இருந்தால், பல் சொத்தையாகாமல் காக்கும். அதனால்தான் அமெரிக்காவில் கிராண்டு ராபிட்ஸ் என்ற நகரத்தில் 1945-ம் ஆண்டு முதல் குடிதண்ணீரில் அளவோடு சேர்த்தார்கள். அளவு மிஞ்சினால்தான் ஆபத்து.

அந்த அளவு என்ன? ஒரு லிட்டர் தண்ணீரில் 1 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது. வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால் 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம். இது இந்திய அரசின் அளவு. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் மேல் எல்லையும் 1.5 மில்லிகிராம்தான். இது எவ்வளவு சிறியது என்றால், பத்து லட்சம் சொட்டுத் தண்ணீரில் ஒன்று, ஒன்றரைச் சொட்டு!

குழந்தைகளுக்குத்தான் அதிகக் கவனம் வேண்டும். நிலைப்பற்கள் ஈறுக்குள்ளே உருவாகும் காலம், பிறந்தது முதல் சுமார் எட்டு வயது வரை. அந்தக் காலத்தில் குடித்த தண்ணீரின் குறை, பல் முளைத்த பிறகுதான் வெளியே தெரியும். பல்லைப் பார்த்து, பெண் பார்க்க வந்தவர்கள் திரும்பிப் போன ஊர்கள் உண்டு.

தருமபுரியும் ஒகேனக்கலும்

தெலுங்கு நாட்டிலே நல்கொண்டா மாவட்டத்தில், பிள்ளைகளுக்கு முழங்கால்கள் உள்பக்கம் வளைந்து முட்டிக்கொள்ளும் நோய் இருப்பதை ஐதராபாத் தேசிய உணவு ஆராய்ச்சி நிலைய டாக்டர்கள் 1970-களில் எடுத்துச் சொன்னார்கள். அதுவும் புளோரைடு தண்ணீர் செய்த வேலைதான்.

அந்த மாவட்டத்தின் பெயராலேயே தண்ணீரைச் சுத்தம் செய்யும் முறை ஒன்று வந்தது. நாகபுரியில் உள்ள சுற்றுச்சூழல் ஆராய்ச்சி நிலையம் அதை உண்டாக்கியது. தண்ணீரில் சுண்ணாம்பும் படிகாரமும் அளவாகச் சேர்த்துக் கலக்கி, தெளிய வைத்து, மேல் தண்ணீரை எடுப்பதுதான் அந்த முறை. அளவு தெரிந்தவர்கள் செய்ய வேண்டிய வேலை அது.

தமிழ்நாட்டில் இந்தத் தொல்லை அதிகம் உள்ள இடம் தருமபுரி, கிருஷ்ணகிரிச் சீமை. ஆழ்குழாய்க் கிணறுகளை நம்பி இருந்த ஊர்கள் அவை. அங்கெல்லாம் காவிரித் தண்ணீரைக் கொண்டுபோக, ஜப்பான் நாட்டுக் கடன் உதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேறியது. 2013-ம் ஆண்டு அது தொடங்கி வைக்கப்பட்டது. திட்டத்தின் பெயரிலேயே புளோரைடு நோய்த் தடுப்பு என்ற சொல்லும் சேர்ந்திருக்கிறது.

அமெரிக்காவில் ஓக்லி ஊரார் செய்ததும் இதுதான். கெட்ட ஊற்றை விட்டு, நல்ல ஊற்றுக்குப் போனார்கள்.

தேவதானப்பட்டித் தாய்மார்களுக்கு

தேவதானப்பட்டி, மலையடிவாரத்து ஊர். மேலே கொடைக்கானல் மலை. பக்கத்திலே மஞ்சளாறு. ஆற்றங்கரையில் மூங்கிலணைக் காமாட்சி அம்மன் கோயில்.

மலையில் இருந்து ஓடி வரும் தண்ணீர் பாறையில் தங்காமல் வருகிறது. ஆகவே பொதுவாக அதில் புளோரைடு குறைவு. ஆனால் நூற்றுக்கணக்கான அடி ஆழத்தில் துளை போட்டு எடுக்கும் தண்ணீர் அப்படி அல்ல. பல காலம் பாறைக்குள் கிடந்த தண்ணீர் அது. ஒரு தெருவில் உள்ள கிணறு நன்றாக இருக்கும். அடுத்த தெருவில் உள்ள ஆழ்குழாய்க் கிணறு கெட்டிருக்கும். பக்கத்து வீட்டுத் தண்ணீரை வைத்து நம் வீட்டுத் தண்ணீரைச் சொல்ல முடியாது.

தெரிந்துகொள்ள ஒரே வழி, சோதிப்பதுதான். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டம்தோறும் ஆய்வுக்கூடங்கள் இருக்கின்றன. சுத்தமான புட்டியில் தண்ணீரைப் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் சோதித்துச் சொல்வார்கள். புதிதாகக் குழாய்க் கிணறு போடுகிறவர்கள், மோட்டார் வாங்கும் செலவோடு இந்தச் சிறு செலவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தண்ணீரைக் காய்ச்சினால் போதாதா என்று சிலர் நினைக்கலாம். காய்ச்சினால் கிருமி சாகும். காலரா, வாந்திபேதி வராது. ஆனால் புளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகிச் சுண்டுவதால், மீதியில் புளோரைடு கூடத்தான் செய்யும். மண் பானையில் ஊற்றித் தெளிய வைத்தாலும் போகாது. துணியில் வடிகட்டினாலும் போகாது.

கிணற்றுத் தண்ணீர் கெட்டது என்று தெரிந்தால், பயப்பட வேண்டியது இல்லை. குளிக்கவும், துவைக்கவும், பாத்திரம் தேய்க்கவும் அதை உபயோகிக்கலாம். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் நல்ல தண்ணீர் வேண்டும். ஆற்றுத் தண்ணீர்க் குழாய் வருகிற இடத்தில் அதைப் பிடித்து வைக்கலாம். கூரையில் விழும் மழைத் தண்ணீரைச் சுத்தமாகப் பிடித்துச் சேமிக்கலாம். மழைத் தண்ணீரில் புளோரைடு ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம்.

பிள்ளைகளுக்குப் பால், மோர், கேழ்வரகு, கீரை கொடுக்க வேண்டும். இவற்றில் உள்ள சுண்ணாம்புச் சத்து, புளோரைடு உடம்பில் சேர்வதைக் குறைக்கும். நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா ஆகியவற்றில் ‘சி’ வைட்டமின் நிறைய உண்டு. பண்டிட் குழுவினர் 1940-ல் சொன்னதும் இதுதான்.

பிள்ளைகளின் பல்லில் சுண்ணாம்புத் திட்டு தெரிந்தால், பல் தேய்க்கவில்லை என்று அடிக்கக் கூடாது. டாக்டரிடம் காட்ட வேண்டும். குடிக்கும் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். ஒரே தெருவில் நாலு பிள்ளைகளுக்கு அப்படி இருந்தால், பஞ்சாயத்தில் சொல்ல வேண்டும். அது ஒரு வீட்டுச் சங்கதி அல்ல. ஊர்க் கிணற்றின் சங்கதி.

நெல்லூர் உழவர்களுக்கு இதைச் சொல்ல அன்று ஆள் இல்லை. முதுகு விறைத்த பிறகுதான் தெரிந்தது. இன்று ஒரு புட்டித் தண்ணீரைச் சோதித்தால் போதும். முன்கூட்டியே தெரிந்துவிடும்.